சௌந்தரம் அக்காவின் விரதம்

திருப்பாதிரிப்புலியூர்
9 ஜூன் 2025

சுவேதா அவர்களுக்கு,

உங்கள் நம்பரை நான் பிளாக் செய்தது தெரிந்திருக்கும். பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் பேப்பரில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

என் அக்கா சௌந்தரம் போன வாரம் கீரப்பாளையத்தில் வீட்டுக் கொல்லையில் மயங்கி விழுந்துவிட்டது. துவைக்கிற கல்லில் மண்டை இடித்து ரத்தம். தூக்கின அக்கா வீட்டுக்காரர் தில்லைநாதன் மாமா, "ஈரத்துணி மூட்ட அளவுகூட கனம் இல்ல இளவரசி"ன்னு சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. மகள் அனுப்பிரியா போன வருஷம் எழிலனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு போனபோதுகூட அவர் அழவில்லை. வீட்டுச் சாமானைத்தான் உடைத்தார். இப்போது அக்கா புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. பொட்டாசியம் இல்லை, இதயத் துடிப்பு சரியில்லை, இன்னும் நாலு நாள் தள்ளியிருந்தால் வந்திருக்கவே வேண்டாம் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொன்னார்.

தைப்பூசத்திலிருந்து அக்கா விரதம். சாயங்காலம் ஒரு டம்ளர் மோர், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். வள்ளலார் பக்தி என்று நாங்கள் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்குத்தான் அறிவு இல்லை. உனக்கு? மாசி மாதத்திலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் உங்கள் டிரஸ்ட் கீரப்பாளையத்தில் நடத்துகிற கவுன்சலிங் முகாமில் அக்காவை உட்காரவைத்துப் பேசினது நீ. மகள் போனதிலிருந்து தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, கொஞ்சம் பாருடி என்று உன்னிடம் அனுப்பினது நான். மாமா வேண்டாம் என்றார். "அந்தோணிசாமி பொண்ணுகிட்டயா? நம்ம பொண்ண இட்டுக்கினு போனவனும் அந்த மதந்தானே"ன்னார். உனக்காக அவரோடு மல்லுக்கட்டினேன். "அவ பர்மிங்காம்ல பத்து நாட்டு ஜனங்களுக்குக் கவுன்சலிங் பண்ணவ மாமா, மதமெல்லாம் பாக்க மாட்டா"ன்னு பெருமை அடித்துக்கொண்டேன்.

சித்திரையில் மாமாவே உன்னிடம் வந்து, இந்த விரதத்தை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டாராம். "அது அவுங்க நம்பிக்கை சார், அதுல நான் தலையிட மாட்டேன்"ன்னு சொன்னாயாம்.

வடலூரில் அடுப்பு அணையவே கூடாது என்று ஏற்றிவைத்த மகான் பெயரால் ஒருத்தி பட்டினி கிடக்கிறாள் என்றால், அதில் ஏதோ கோளாறு என்று கடலூரில் பிறந்த உனக்குத் தெரியாதா? உன்னோடு அதே ஹாஸ்டலில் அதே சைக்காலஜி புத்தகத்தை வைத்துக்கொண்டு தூங்கி விழுந்தவள் நான். கல்யாணம் ஆனதும் நான் ஜாக்கெட் தைக்க உட்கார்ந்துவிட்டேன், நீ சீமைக்குப் போனாய். சீமையில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா?

ஆஸ்பத்திரிக்கு வராதே.

இளவரசி


சிதம்பரம்
12 ஜூன் 2025

அன்புள்ள இளவரசி,

'அவர்களுக்கு' என்று ஆரம்பித்து பாதியில் 'நீ'க்கு வந்துவிட்டாய். அந்த மட்டில் சந்தோஷம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் ஆசையில் அக்காவுக்கு நிறைய ஊட்டிவிடாதீர்கள். மாதக் கணக்காகக் காய்ந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சோறு போட்டால் அதுவே ஆபத்து. டாக்டர் சொல்கிற அளவு மட்டும் கொடுங்கள், எவ்வளவு கொஞ்சமாகத் தெரிந்தாலும் சரி.

நீ எழுதினதில் பொய் ஒன்றும் இல்லை. மாமாவிடம் அப்படித்தான் சொன்னேன். எடை பார்க்கிற மெஷின் என் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கக்கா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பர்மிங்காமில் என்னோடு வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு சோமாலியா தாயிடம் நோன்பு மாதத்தில் "ஏன் சாப்பிடுவதில்லை, மனசு சரியில்லையா" என்று துருவிக் கேட்டுவிட்டாள். அந்த அம்மா அதற்குப் பிறகு வரவே இல்லை. அவர்கள் குடியிருப்பிலிருந்து வேறு யாரும் வரவில்லை. ஒருவருடைய நம்பிக்கையை நோயாகப் பார்க்காதே என்பதை அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் தலையில் குட்டிச் சொன்னார்கள். அது நல்ல பாடம்தான். பஞ்சாபி, இலங்கைத் தமிழர், சோமாலியர் என்று எத்தனையோ வீட்டுக் கதைகளை அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் கேட்டேன். அங்கே நான் வெளியாள். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இங்கே எனக்குத் தெரிந்ததையே தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தேன். வடலூர் எனக்குத் தெரியாதா என்கிறாய். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் சௌந்தரம் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணக்கு உள்ளே ஓடியது. கிறிஸ்தவப் பெண் இந்து வீட்டு விரதத்தைக் கலைத்துவிட்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், முகாமையே தூக்கிவிடுவார்கள். அதுவும் அனு விஷயத்துக்குப் பிறகு. இது சுத்தமான பயம். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் டிரஸ்டில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். ராஜினாமாவையும் சேர்த்தே கொடுத்தேன். பர்மிங்காமில் பழைய இடத்தில் கூப்பிடுகிறார்கள். ஆகஸ்டில் போய்விடுவேன்.

சுவேதா


திருப்பாதிரிப்புலியூர்
20 ஜூன் 2025

சுவேதா,

அக்கா இப்போது என் வீட்டில் இருக்கிறது. கீழே கடை, மாடியில் நாங்கள், உனக்குத் தெரியும். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தபடி கஞ்சி. அதையும் பாதி டம்ளரில் நிறுத்திவிடுகிறது. மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது, எதிர்த்து ஒரு பேச்சு இல்லை. கோயிலுக்குப் போகலாமா என்றால் வேண்டாம். டிவி வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து கவுன்சலர் ஒருத்தர் வந்தார், நல்ல மனுஷர். அவரிடம் "நல்லா இருக்கேன் சார்"ன்னு சொல்லி அனுப்பிவிட்டது. என்னிடம் இதுவரை கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அந்தப் பொண்ணு வராதா?"

எந்தப் பொண்ணு என்று நான் கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. சாகக் கிடந்து பிழைத்து வந்து, உடன்பிறந்தவளை விட்டுவிட்டு உன்னைக் கேட்கிறது.

நேராகவே கேட்கிறேன். இத்தனை வியாழக்கிழமைகளில் அக்கா உன்னிடம் என்ன சொன்னது? அதைச் சொல்லிவிட்டு நீ பர்மிங்காம் போ, எங்கே வேண்டுமானாலும் போ. நான் அதன் தங்கச்சி. எனக்குத் தெரிய வேண்டும். ராஜினாமா கொடுத்தது பெரிய தியாகம் மாதிரி எழுதியிருக்கிறாய். ஓடிப்போவதற்குப் பெயர் தியாகம் இல்லை.

மாமா இரண்டு நாளுக்கு ஒரு முறை வருகிறார். வாசலிலேயே நின்று "சாப்பிட்டாளா"ன்னு கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இளவரசி


சிதம்பரம்
23 ஜூன் 2025

இளவரசி,

சொல்ல மாட்டேன். நீ தோழி என்பதால் சொல்ல முடியாது, தங்கச்சி என்பதால் சொல்லவே கூடாது. அக்கா என்னை நம்பிப் பேசினது. அந்த நம்பிக்கையில் பாதியை ஏற்கெனவே வீணடித்துவிட்டேன், மீதியையும் உன்னிடம் கொட்டிவிட்டுப் போக முடியாது. உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே உனக்குச் சொல்லியிருப்பேன், அதற்கு எங்கள் தொழிலில் இடம் உண்டு. எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் சாகத் தோன்றுகிறதா என்று நான் கேட்கவே இல்லை.

நீயே கேள். எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்கிறேன். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதே. இரண்டு பேர் கையிலும் வேறு வேலை இருக்கட்டும். என்ன பதில் வந்தாலும் மறுத்துப் பேசாதே. "இதுக்காகவா இப்படி"ன்னு சொல்லாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பிறகு, செத்துப்போகணும்னு தோணுதா என்று நேராகக் கேள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று ஊரில் பயப்படுவார்கள், அப்படி வராது. ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல், அக்காவைத் தனியாக விடாதே.

ஓடிப்போகிறாய் என்று எழுதினாய். இரண்டு நாள் கோபமாக இருந்தது. பிறகு இல்லை.

சுவேதா


திருப்பாதிரிப்புலியூர்
2 ஜூலை 2025

சுவேதா,

கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. தைத்து முடித்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தேன். அக்காவிடமும் ஊசி நூலைக் கொடுத்தேன். அது நன்றாகவே வைக்கும், என்னைவிடச் சுத்தமாக.

"ஏன்க்கா சாப்பிடல?"ன்னேன்.

"விரதம்."

"வள்ளலார் பட்டினி கெடக்கச் சொல்லலையேக்கா."

"தெரியும்"ன்னு சொல்லிவிட்டு அடுத்த கொக்கியை எடுத்தது. அப்புறம் என்ன எழவுக்கு என்று வாய்வரைக்கும் வந்தது. நீ எழுதினதை நினைத்து விழுங்கிவிட்டேன். இரண்டு கொக்கி வைத்து முடித்ததும் அதுவாகவே பேசியது.

"சாப்பிடப் புடிக்கலன்னு சொன்னா ஊசி போடணும்பீங்க, மந்திரிக்கணும்பீங்க, அனுவ மறந்துடும்பீங்க. வெரதம்னு சொன்னா எல்லாரும் கும்புட்டுட்டு ஒதுங்கிப் போயிட்டீங்க. ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல. அந்தப் பொண்ணு மட்டும் ஒரு தடவ கேட்டுச்சு. நான் வள்ளலார் பேரச் சொன்னேன். அதுக்கு மொகம் சுருங்கிப் போச்சு. நல்ல பொண்ணுதான், ஆனா நம்மளக் கண்டா பயப்படுது."

இதை உனக்கு எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன். அது கொக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாவணும்னு இல்லடி. அனு வூட்டுக்குள்ள வரணும். நான் உசிரோட இருந்தா உங்க மாமா அவள உள்ள வுட மாட்டாரு. சாவுக்கு வந்தா வுட்டுத்தானே ஆவணும்? எவ்ளோ பகைன்னாலும் சாவுக்கு வந்தவங்கள வாசல்ல நிக்க வெப்பாங்களா? அவ வந்து எந் தலமாட்டுல உக்காருவா இல்ல."

கொக்கி வைப்பது எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்கிற குரலில் சொன்னது, சுவேதா. நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் பேசினேன். மாத்திரையை மாற்றினார், அடுத்த நாளே நேரில் கூட்டிவரச் சொல்லிப் பார்த்தார். ராத்திரி நான் பக்கத்திலேயே படுக்கிறேன். பகலில் கடைக்குக் கீழே கூட்டிவந்துவிடுகிறேன்.

இன்னொன்று. சித்திரையில் அனு எனக்கு போன் செய்தது. "சித்தி, அம்மா எப்படி இருக்கு"ன்னு ஆரம்பித்தது. மாமா எதிரில் உட்கார்ந்திருந்தார். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அனு இருக்கிற சிதம்பரத்துக்கும் கீரப்பாளையத்துக்கும் ஒரு பஸ் தூரம். உன் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி யார் மேல் என்று இப்போது தெரிகிறது. மீதிப் பாதி உன் மேலேதான், அது அப்படியே இருக்கட்டும்.

மாமாவிடம் யார் சொல்வது? நான் வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும். அக்காவையே கேட்டேன். "அந்தப் பொண்ணயே போயி பேசச் சொல்லு. நான் சொன்னத அப்படியே சொல்லட்டும். இந்தத் தடவ பயப்படாம சொல்லட்டும்"ன்னுச்சு.

போவாயா?

இளவரசி


சிதம்பரம்
9 ஜூலை 2025

அன்புள்ள இளவரசி,

போனேன். போவதற்கு முன் டாக்டரம்மாவிடமும் பேசிக்கொண்டேன்.

மாமா வயலில் மோட்டார் கொட்டகை பக்கத்தில் இருந்தார், குறுவை நடவுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, இன்னும் என்ன பாக்கி இருக்கு"ன்னார். நியாயம்தான். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் நீங்க என்ன பண்ணுவீங்க என்றும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

அனுவைப் பற்றி எடுத்தேன். அவருக்குக் குரல் ஏறிவிட்டது.

"எல்லாரும் என்னக் கல்லுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. நான் பெத்த பொண்ணும்மா அது. நாளைக்கே இந்த வூட்டுல ஒரு சாவுன்னா, அவ வந்தா நான் தடுக்கவா போறேன்? நானே கதவத் தெறந்து வெப்பேன்."

இப்படி அவராகவே சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அதத்தான் சார் அவுங்களும் நம்பிட்டு இருந்தாங்க"ன்னேன்.

"என்னாது?"

அக்கா சொன்னதை, அக்கா சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். தலமாட்டுல உக்காருவா என்றது வரைக்கும்.

அவர் கத்தவில்லை. போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்ப வந்து வரப்பில் உட்கார்ந்தார். "வெரதம்னு சொன்னாளேம்மா"ன்னார். "வள்ளலார் பேரச் சொல்றவள நான் எப்படி வேணாம்பேன்?"

"நான் கிறிஸ்தவப் பொண்ணு சார். நான் எப்படி வேணாம்பேன்?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நாம ரெண்டு பேரும் பயந்துக்கினு அவளச் சாவக் குடுக்கப் பாத்தோம்"ன்னார். ஆமாம் என்றேன்.

உறுதியாக எதுவும் சொல்லவில்லை. தெரு நாலு விதமாகப் பேசும், எழிலன் வீட்டு ஆட்கள் எப்படியோ, பார்க்கலாம் என்று இழுத்தார். நான் அவசரப்படுத்தவில்லை. வரும்போது பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

என் விஷயம். டிரஸ்டில் ராஜினாமாவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பர்மிங்காமுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். உனக்காக இல்லை, அதனால் நன்றி எல்லாம் எழுதாதே. பயந்து போன இடத்தை விட்டு வேறு ஊருக்குப் போனால் அங்கேயும் அந்தப் பயம் கூடவேதான் வரும். இனி முகாமுக்கு யார் வந்தாலும் எடை பார்ப்போம், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி.

சுவேதா


கீரப்பாளையம்
15 ஜூலை 2025

சுவேதா,

நன்றி எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாமா கடைக்கு வந்தார். வாசலில் நிற்காமல் நேராக மாடிக்கு ஏறி, அக்காவிடம் "கெளம்பு"ன்னார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அக்கா என்னைப் பார்த்தது. நான் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்துவிட்டேன். தனியாக விடாதே என்று நீ சொன்னதை நினைத்தால் எனக்கு இன்னும் பயமாகவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு சிதம்பரம் போனார். எங்கே என்று அக்கா கேட்கவில்லை. குளித்துவிட்டுச் சமையல் கட்டுக்குள் போய் சாம்பாருக்குப் பருப்புப் போட்டது. விழுந்த நாளுக்குப் பிறகு அது அடுப்புப் பக்கம் போனது அன்றைக்குத்தான்.

பதினோரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் மாமா, பின்னால் அனு, எழிலன் பைக்கில் தனியாக. அனு ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தது. மாமா முகம் பேய் அறைந்த மாதிரி. நான் வாசலில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இது தெருவுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஒரு வருஷமாகக் கால் வைக்காத பொண்ணை, வாசப்படி ஏறக் கூடாது என்று நின்ற அப்பனே ஆட்டோ வைத்துக் கூட்டிவருகிறான். ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மா முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்தது.

எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தது. "எங்கள வுட்டுட்டுப் போயிட்டியாடி சௌந்தரம்!" பின்னாலேயே நாலு வீட்டுப் பெண்கள். ஒருத்தர் பந்தல்காரருக்கு போன் போடச் சொல்லிக் கத்துகிறார். அனு "என்னா சித்தி, அம்மாவுக்கு என்னா?"ன்னு அலறி என்னைப் பிடித்து உலுக்குகிறது. நான் சமையல் கட்டுப் பக்கம் கையைக் காட்டுகிறேன். மாமா இரண்டு கையையும் தூக்கி "இல்ல, இல்ல"ங்கிறார், அதுவும் அழுகை மாதிரியே இருக்கிறது.

சத்தம் கேட்டு அக்கா கரண்டியோடு வெளியே வந்தது.

அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அக்கா எல்லாரையும் பார்த்தது, அனுவைப் பார்த்தது. "இன்னும் போவல கொளஞ்சி அக்கா. எம் பொண்ணு வந்திருக்கு, அவ்ளோதான்"ன்னுச்சு.

அனு போய் அதைக் கட்டிக்கொண்டது. எலும்பு குத்தியிருக்கும். மாமா தெருவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். ஏதோ பெரிதாகப் பேசப் போகிறார் என்று நினைத்தேன். "வெய்யில்ல ஏன் நிக்கறீங்க, உள்ள வாங்க. மாப்ள, நீங்களும் வாங்க"ன்னார். எழிலன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தார்.

அக்கா குணமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ராத்திரி இன்னும் தூக்கம் இல்லை. நேற்று மறுபடி பாதியில் கையைக் கழுவிவிட்டது. டாக்டரம்மா ஆறு மாதமாவது மாத்திரை வேண்டும் என்கிறார். வியாழக்கிழமை உன்னிடம் வரும், நான்தான் கூட்டிவருவேன். நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். நீ கேட்க வேண்டியதையெல்லாம் கேள்.

ஞாயிற்றுக்கிழமை, அழ வந்தவர்கள் எல்லோருக்கும் இலை போட்டோம். அக்கா அனு பக்கத்தில் உட்கார்ந்து, ஊரே பார்க்க ஒரு பிடி சோறு பிசைந்து வாயில் வைத்தது. கொளஞ்சியம்மாள் முடியை அள்ளி முடிந்துகொண்டே, "எனக்கு உசுரே போயிடுச்சுடி"ன்னுச்சு. அக்கா அதன் இலையில் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொன்னது.

இளவரசி